ஒரே ரத்தம், இரண்டு எண்

மாத்தளை பஸ் நிலையத்தில் இரத்தோட்டைக்குப் போகிற பஸ்ஸின் நெற்றியிலேயே இரத்தோட்டை என்று மூன்று மொழியில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு, கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, ஏறி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடமும் "இது இரத்தோட்டை போகுமா?" என்று கேட்கும் ஒரு மனிதரோடு நான் பதினோரு வருடம் வேலை செய்தேன். பக்கத்தில் இருப்பவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், இறங்கிவிடுவார். அப்படி இறங்கி, போக வேண்டிய பஸ்ஸை இரண்டு தடவை விட்டிருக்கிறார். இரண்டு தடவையும் நான் கூட இருந்தேன்.

மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கிற ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்க்கிற சின்ன இடம். சோதிப்பது அவர், முடிவுகளைத் தட்டச்சு செய்து உறையில் போட்டுக் கொடுப்பது நான். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அவரை லெப் நானா என்பார்கள். பல தலைமுறையாக மாத்தளையிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம்; அவர்கள் பேச்சில் அண்ணன் நானா, இருக்கிறது ஈக்கி. எனக்கும் அவர் நானாதான். பெயரை எழுதாமல் விடுகிறேன். எழுதினால், எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்க்கச் சொல்லுவார்.

நான் அவசரக்காரன். சோறு வேகும் முன்னே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிற ஆள். அவரோ எதைக் கொடுத்தாலும் "இன்னொருக்கா பாப்பம்" என்பார். சீனி எவ்வளவு என்று பார்த்த ரத்தத்தை இன்னொரு தரம் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, படியிறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பார். தேத்தண்ணீரில் சீனி போட்டாயிற்றா என்று போட்டவளிடம் கேட்டுவிட்டு, குடித்துக்கொண்டிருக்கிற என்னிடமும் கேட்பார். அவர் வாயிலிருந்து "சரி" என்ற சொல் மட்டும் வராது. முடிந்த வேலையைப் பார்த்துத் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் புகையும்.

ஒரு முறை ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே நாளில், மூன்று லெட்சுமிகள் வந்தார்கள். ரத்தம் எடுத்தாயிற்று, முடிவும் கொடுத்தாயிற்று, மூவரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். நானா மூன்று தாள்களின் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, "தம்பி, இதுல ரெண்டாவது லெட்சுமிட அப்பாட பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியாது. அவர் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். நான் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன். இரண்டு லெட்சுமிகளின் தாள்கள் மாறிப் போயிருந்தன. மாற்றி உறையில் போட்டது நான். சீனி வியாதி இல்லாத கிழவி மாத்திரை விழுங்கியிருப்பாள், இருக்கிறவள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருப்பாள்.

அன்றைக்கு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பி நடக்கும்போது, "ஏன் நானா இப்பிடி எதையுமே ஒருதரத்துல நம்ப மாட்டேங்கிறீங்க?" என்று எரிச்சலோடு கேட்டேன். அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"மொத தரம் பாக்குற நேரம் நமக்கு என்ன வேணுமோ அது தான் கண்ணுல படும் தம்பி. ரெண்டாந்தரம் பாத்தா தான் அங்க என்ன ஈக்கோ அது தெரியும்."

பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டு வாசலுக்கு அது வரும்வரை அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எனக்குக் கலியாணம் ஆனது. மனைவி ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தவள். பதின்மூன்று வயதில் அவளுக்கு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இருதய வால்வையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட வேண்டும். இந்தக் காய்ச்சல் வந்த எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அவளுக்குப் போட முடியாது. தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு வீட்டுக்கு ஓர் அட்டை. அவர்கள் வீட்டு அட்டையின் தலையில், அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோதே, அப்போது அங்கே மருந்து கொடுத்த டிஸ்பென்சர் சிவப்பு மையில் "பென்சிலின் ஆகாது" என்று எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தார்.

வீட்டு அட்டை என்பதால் அது வீட்டுக்கே பொருந்திவிட்டது. அவளுடைய தம்பிக்குப் புல்வெட்டும் கத்தி காலில் பட்டபோது அவனுக்கும் பென்சிலின் கொடுக்கவில்லை. மூன்று மாதம் புண்ணோடு நொண்டினான். காம்பரா காம்பராவாக ஒட்டி நீளும் லயத்து வீடுகளில் அவர்களுக்குப் பென்சிலின் ஆகாத வீடு என்றே பெயர். பெண் பார்க்கப் போனபோது என் சித்தப்பா இதையும் ஒரு குறையாகச் சொன்னார்.

ஊசிக்குப் பதிலாக அவளுக்கு வேறு மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் போட வேண்டும். போட்ட அரைமணியில் வயிற்றைப் புரட்டும். பாதி நாள் வாந்தி, மீதி நாள் எனக்குத் தெரியாமல் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே வீசுவாள். கலியாணமாகி ஏழாம் மாதம் காய்ச்சல் திரும்ப வந்தது. முழங்கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கி, கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தாலே மூச்சு வாங்கியது. காய்ச்சல் இறங்கிய பிறகு இருதய கிளினிக் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வால்வு இப்ப கொஞ்சமா கசியுது. இதோட நின்னா சரியாகிடும். இன்னொரு தடவ இந்தக் காய்ச்சல் வந்தா தாங்காது. பென்சிலின் இல்லாம இத தடுக்கிறது கஷ்டம். அவங்களுக்கு உண்மையாவே அது ஆகாதான்னு ரத்தத்துல பாக்க ஏலும். பாத்துட்டு வாங்க."

ரத்தத்தில் பார்க்க ஏலும் என்றதும் எனக்கு உயிர் வந்தது. நான் ரத்தம் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறவன் அல்லவா. ஆனால் எங்களிடம் இருந்த கருவிகளில் அது முடியாது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் செய்கிறார்கள் என்று நானா விசாரித்தார், இரண்டு இடத்தில். அவளுடைய ரத்தத்தை எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்து, ஐஸில் வைத்து அனுப்பினோம்.

பத்து நாளில் உறை வந்தது. நான்தான் பிரித்தேன். ஆகாது என்று இருந்தது. பென்சிலினுக்கு எதிரான பொருள் ரத்தத்தில் உண்டு என்று அச்சடித்து, கையெழுத்தும் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தார்கள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எத்தனையோ பேருக்கு நானே தட்டச்சு செய்து கொடுத்த தாள்களின் பாரம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நானா தாளை வாங்கிப் படித்தார். திருப்பி, முதுகுப் பக்கத்தையும் பார்த்தார். "இன்னொருக்கா பாப்பம்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"இனி என்னத்த பாக்க? அச்சடிச்சு முத்திர குத்தி அனுப்பியிருக்காங்க. ரிப்போட்ட எத்தன தரம் பாத்தாலும் எழுத்து மாறப் போறதில்ல நானா."

"ரிப்போட்ட இல்ல தம்பி," என்றார் அமைதியாக. "டெஸ்ட்ட பாப்பம்."

சோதனையையே சோதிப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஒரு கொப்பியை எடுத்து மூன்று பேரை எழுதினார். முதலாவது என் மனைவி. இரண்டாவது அவரே. காலில் ஆணி குத்தியதற்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் பென்சிலின் போட்டிருந்தார், ஒரு தடிப்புக்கூட வரவில்லை. ஆகும் என்பதற்கு அவர் உயிருள்ள சான்று. மூன்றாவது, நாவுலையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் ஒரு சிங்கள லொறி டிரைவர். பல வருடத்துக்கு முன் பென்சிலின் ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்து, டொக்டர் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தவர். ஆகாது என்பதற்கு அவர் சான்று.

ரத்தம் கேட்டபோது டிரைவர் லொறியை நிறுத்திவிட்டு வந்து கையை நீட்டினார். "ரத்தம் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க நானா," என்றார் நல்ல தமிழில். "பென்சிலின் போத்தல் மட்டும் இந்த மாடியில இருந்தா சொல்லுங்க, நான் கீழ நின்னு தாறேன்."

பிறகு நானா செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஒவ்வொருவரின் ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு டியூபில் ஊற்றினார். பெயர் எழுதவில்லை. ஆறு டியூபுக்கும் ஆறு எண். எந்த எண் யாருடையது என்பது அவர் கொப்பியில் மட்டும் இருந்தது. "ஒரே ஆள்ட ரத்தம் எண்டு கொழும்புல அவங்களுக்குத் தெரியாது. ஒரே ரத்தத்துக்கு ஒரே பதில் வருதா பாப்பம்" என்றார். அதே மாதிரி இன்னொரு ஆறு டியூபும் எடுத்தார். கண்டியில் வேறோர் ஆய்வுகூடத்தில் வேறு முறையில் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"கொழும்புல பாக்குறது, வீட்டுக்காரன்ட கையில கள்ளன்ட படம் ஈக்கா எண்டு. கண்டியில, உசிரோட ஈக்கிற ரத்தத்துக்குள்ள பென்சிலின விட்டுட்டு, வீட்டுக்காரன் சத்தம் போடுறானா எண்டு பாக்குறாங்க. அதுக்கு ரத்தம் உசிரோட போய்ச் சேரோணும். இண்டைக்கி எடுத்தா இண்டைக்கே."

அன்றைக்கே நாங்கள் இருவரும் கண்டி பஸ்ஸில் ஏறினோம். அவர் மடியில் ஃபிளாஸ்க். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். போர்க்காலம் அது; ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஃபிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னான். உள்ளே ஆறு டியூப் ரத்தம். அவன் ஓரடி பின்னால் போனான். நானா சிங்களத்தில் நிதானமாக விளக்கினார், இது யாருக்கு, எதற்கு, ஏன் இன்றைக்கே போக வேண்டும் என்று. சிப்பாய் கேட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். நான் ஃபிளாஸ்க்கை மூடப் போனேன். நானா என் கையைப் பிடித்து நிறுத்தி, "மாத்தயா, அடியில பாக்கல்லயே. இன்னொருக்கா பாருங்க, அடுத்த சாவடியில கேட்டா பாத்தாச்சு எண்டு சொல்ல ஏலும்" என்றார். எனக்கு ஓடிப்போகலாமா என்றிருந்தது. சிப்பாய் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஃபிளாஸ்க்கின் அடியையும் பார்த்தான். பிறகு பார்த்ததாக ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தான். அடுத்த சாவடியில் அந்தத் தாளைக் காட்டியதும் எங்களை இறக்கவே இல்லை. ரத்தம் உயிரோடு போய்ச் சேர்ந்தது.

முடிவுகள் வந்த நாளில் கொப்பியை நடுவில் வைத்து, எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்தோம்.

கொழும்பு முடிவு முதலில். லொறி டிரைவரின் இரண்டு டியூபுக்கும் ஒன்றுமில்லை, பென்சிலின் தாராளமாகப் போடலாம் என்று இருந்தது. ஐந்து நிமிடத்தில் சாகப் போனவருக்கு. நானாவின் ஒரு டியூபுக்கு ஆகாது, இன்னொரு டியூபுக்கு ஆகும். ஒரே கை, ஒரே ஊசி, ஒரே ரத்தம். என் மனைவிக்கும் அதேதான். ஒன்றில் ஆகாது, ஒன்றில் ஆகும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முத்திரை குத்திய அந்தத் தாளுக்காக மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

கண்டி முடிவு வேறாக இருந்தது. நானாவின் இரண்டு டியூபும் சத்தம் போடவில்லை. டிரைவரின் ஒரு டியூப் சத்தம் போட்டது, மற்றதற்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். என் மனைவியின் இரண்டு டியூபும் அமைதி.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "நானா, ரெண்டும் இல்லன்னு வந்திருச்சு. நாளைக்கே போய் ஊசியப் போடுவம்."

அவர் தலையைச் சாய்க்கவில்லை. "இன்னொருக்கா பாப்பம்" என்றார்.

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும். கெட்ட முடிவை நம்பாதவர் நல்ல முடிவையாவது நம்பக் கூடாதா? அவர் பென்சிலால் டிரைவரின் எண்ணைத் தட்டிக் காட்டினார். "இந்த மனுசன்ட ஒரு டியூப்புக்குத் தெரியாண்டு எழுதி ஈக்கி. ஆகாதவன்ட ரத்தத்தயே சில நேரம் விட்டுட்டா, ஒங்கட பொஞ்சாதிட ரத்தத்தயும் விட்டிருக்க ஏலுமே. இது அதவிட நல்ல டெஸ்ட், அது மெய். ஆனா ரத்தம் மட்டும் பேசினா பத்தாது. அந்த சிவப்பு மை எங்க இருந்து வந்திச்சு? அத ஒருத்தரும் கேக்கல்லயே."

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு இருவரும் தோட்டத்துக்குப் போனோம். மலை ஏற ஏற மூடுபனி. லயத்தில் அத்தை, என் மனைவியின் தாய், எங்களுக்குப் பாய் விரித்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். நானா சீனி போட்டாயிற்றா என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுக் குடித்தார். பிறகு கேட்டார்.

"அம்மா, ஆறு வயசுல அந்தப் பென்சிலின் ஊசி போட்ட பொறகு புள்ளைக்கு என்ன நடந்திச்சு?"

"ஒடம்பெல்லாம் செவந்துருச்சுங்க. கண்ணு, மூஞ்சி, நெஞ்செல்லாம். மறுநாளு காட்டப் போனேன். டிஸ்பென்சர் ஐயா பாத்துட்டு, ஊசி போட்டதுக்கப்புறம் வந்துச்சான்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். ஒடனே செவப்புல எழுதிட்டாரு."

"மூச்சு அடச்சா? ஒதடு வீங்கினா?"

"அதெல்லாம் இல்லீங்க. காச்சலும் இருமலும்தான்."

நானா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மரியாதையாக, "வாசல்ல வேப்பிலை கட்டினீங்களா?" என்று கேட்டார்.

அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை ஒரு முஸ்லிம் மனிதர் தன்னிடம் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், முந்தானையை இழுத்துச் சரிசெய்தார்.

"கட்டாம இருப்பேனா," என்றார். "ஊசி போட முந்தியே காதுக்குப் பின்னால ரெண்டு மூணு தெரிஞ்சுச்சு. அம்மா வந்துட்டான்னு எனக்குத் தெரியும். காச்சல் கூட இருந்துச்சேன்னு ஊசிக்குக் கொண்டு போனேன். பொறகு ஏழு நாளு வேப்பிலை கட்டி, மூணாந்தண்ணி ஊத்தி, மாரியம்மனுக்குக் கூழ் வச்சேன்."

"ஏன் அத்த இத்தன வருசம் சொல்லல?" என் குரல் உயர்ந்துவிட்டது. மனைவி என் கையை அழுத்தினாள்.

"கேட்டாத்தான மாப்புள சொல்றதுக்கு. ஊசிக்கப்புறமான்னு கேட்டாங்க, ஆமான்னேன். பொய் சொல்லலியே. அம்மா வந்ததப் போயி மருந்துச்சாலையில சொல்லலாமா? சொன்னா புள்ளையத் தூக்கிட்டுப் போயி எங்கயாவது போட்டுருவாங்க, காம்பராவுல மருந்தடிப்பாங்க. மாரியம்மனுக்கும் கோவம் வரும்."

சின்னம்மை வந்த குழந்தை. அதற்கு வந்த சிவப்பை ஊசியின் தலையில் எழுதியிருந்தார்கள். எழுதியவரும் பொய் எழுதவில்லை, சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இந்த மலையில் மட்டும்தான் இப்படி ஒரு பிழை நடக்கும் என்று நினைத்தேன். முடிந்தது என்று எழுந்தேன். நானா உட்கார்ந்தே இருந்தார்.

"அந்த நேரம் லயத்துல வேற புள்ளைகளுக்கும் அம்மா வந்தாவா?"

"கடைசிக் காம்பராவுல மூணு புள்ளைங்களுக்கு."

"அவங்களுக்கு ஊசி போட்டாங்களா?"

"அதுங்கள மருந்துச்சாலைக்கே கொண்டு போகலீங்க."

நானா கடைசிக் காம்பராவுக்கே போய், அந்தத் தாயிடம் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். அதே மாதம், அதே சிவப்பு, அதே வேப்பிலை. ஊசி மட்டும் இல்லை. திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "ஊசி போடாத மூணு புள்ளைக்கும் அதே செவப்பு தம்பி" என்றார். சோதனைக்கு அவர் தன் ரத்தத்தை அனுப்பிய மாதிரி, அம்மையும் தன் பங்குக்கு மூன்று பிள்ளைகளை அனுப்பி வைத்திருந்தது.

எல்லாவற்றையும் அவர் தன் கையால் ஒரு தாளில் எழுதினார். பன்னிரண்டு டியூப், இரண்டு ஊர் முடிவு, இரண்டு தாய்மார் சொன்னது. டொக்டர் அதை வாசித்தார். நானா பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னொருக்கா வாசிங்க டொக்டர்" என்றார். டொக்டர் சிரித்துக்கொண்டே வாசித்துவிட்டு, மனைவியை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்து, தானே பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டார்.

அந்தக் காலை எனக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கிறது. ஏதாவது நடந்தால் உடனே போட வேறோர் ஊசி தட்டில் தயாராக இருந்தது. முதலில் முன்கையில் பென்சிலினை ஒரு சொட்டு வைத்துக் கீறினார்கள். காத்திருந்தோம். ஒன்றுமில்லை. பிறகு தோலுக்குள் ஒரு துளி. ஒன்றுமில்லை. பிறகு சிறிய அளவு. அத்தை திருநீற்றுப் பொட்டலத்தைக் கைக்குள் நசுக்கிக்கொண்டிருந்தார். நானா கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மனைவி கழுத்தைச் சொறிந்தாள்.

கழுத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு. டொக்டரின் கை தட்டுக்குப் போனது. நானா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். பிறகு தன் சட்டைக்கையை மடக்கி முழங்கையைக் காட்டினார். அதிலும் அதே மாதிரி ஒரு தடிப்பு. "எனக்கும் ஈக்கி," என்றார். "நான் ஊசி போடல்லயே." அத்தை தன் காலைப் பார்த்தார். அங்கே இரண்டு. "கட்டிலுக்கடியில நுளம்புங்க" என்றாள் மனைவி வெட்கத்தோடு. கொசுக்கடி. டொக்டர் பத்து நிமிடம் பார்த்திருந்தார். அவள் கழுத்தில் இன்னொன்று வரவில்லை. நாடி, மூச்சு எல்லாம் ஒழுங்கு. பன்னிரண்டு மணிக்கு முழு ஊசி போட்டார்கள். இரண்டு மணிக்கு அவள் பசிக்கிறது என்றாள்.

அத்தை பையிலிருந்து வீட்டு அட்டையை எடுத்து டொக்டர் முன்னால் வைத்தார். மூலை எல்லாம் கரைந்து, பதினெட்டு வருட மஞ்சள் கறையோடு இருந்தது. டொக்டர் சிவப்புப் பேனாவால் அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். நானா தொண்டையைச் செருமினார். டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு, இன்னொரு கோடும் போட்டார். நான் வாட்டு நடுவில் நின்று அழுதேன். ஜெயித்த அழுகை. அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. காய்ச்சல் வரவில்லை. அவளை வைத்தே லயத்தில் அவள் வீட்டின் பட்டப்பெயரும் போனது. தம்பிக்கு அடுத்த தடவை கால் வெட்டுப்பட்டபோது பென்சிலின் கொடுத்தார்கள், பத்து நாளில் பந்து விளையாடினான். லொறி டிரைவருக்கு நானா வேறு வேலை செய்தார். பென்சிலின் ஆகாது என்று சிங்களத்திலும் தமிழிலும் இரண்டு துண்டு எழுதி, ஒன்றைச் சட்டைப்பையிலும் ஒன்றை லொறியின் முன்கண்ணாடியிலும் வைக்கச் செய்தார். ஆகும் என்று கொழும்பு சொன்ன அதே மனிதருக்கு. மூன்று வருடம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தைக்குக் கட்டியிருந்த பெயர்ப்பட்டியை நானா இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் தூக்கினார்.

பத்து வருடம் முடிந்த கிளினிக் நாளில், ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார், கசிவு அறவே நின்றுவிட்டது, காய்ச்சலும் திரும்பவில்லை, இனி ஊசி வேண்டாம் என்று. போர் முடியப் போகிற காலம் அது. வழியெல்லாம் சாவடிகள் இன்னும் இருந்தன. நானா அப்போது வேலையை விட்டு மகள் வீட்டில் இருந்தார், கண்ணில் திரை விழுந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானா, வால்வு சுத்தமா ஆயிருச்சாம். இனி ஊசியே வேணாங்கிறாங்க."

மறுமுனையில் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறப்பதற்கு முன் நானே சொன்னேன்.

"ஸ்கான ரெண்டு தரம் எடுக்கச் சொன்னேன் நானா. ரெண்டாவத வேற டொக்டர் பாத்தாரு. ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்க."

பக்கத்தில் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப சரி" என்றார் நானா.